உச்சி வெயிலைக் காணோம்

சைக்கிள் திருடு போனதென்று வந்திருக்கிறார்கள், சங்கிலி திருடு போனதென்று வந்திருக்கிறார்கள். ஒருமுறை செங் கிராமத்துப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மாமனாரையே காணோம் என்று வந்து நின்றார். மாமனார் சிங்கப்பூரில் இன்னொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். ஆனால் வெயில் திருடு போய்விட்டது என்று எங்கள் அலுவலகப் படியேறிய முதல் ஆள் அன்னபூரணி ஆச்சிதான்.

எங்கள் அலுவலகம் மலாக்காவில், ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது. ஒரு பக்கம் பிள்ளையார் கோயில் மணி, இன்னொரு பக்கம் பள்ளிவாசல் பாங்கு, நடுவில் ராஜரத்தினம் சாரின் தும்மல். வெள்ளைக்காரன் காலத்துப் போலீசில் சார்ஜெண்டாக இருந்தவர், மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த கையோடு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். நான் ருக்மணி. டைப் அடிக்கத்தான் வேலைக்கு வந்தேன். அடிக்க எதுவும் இல்லாததால் பேச ஆரம்பித்தேன்; இன்னும் நிறுத்தவில்லை.

ஆச்சிக்கு நாற்பது வயதுக்கு மேல் இராது. வெள்ளைச் சேலை. கையிலிருந்த கறுப்புக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உச்சி வெயிலக் காணோமுங்க" என்றார்.

"கடைசியா எங்க வச்சீங்க ஆச்சி?" என்று கேட்டேன். மேஜைக்கடியில் சார் என் காலை மிதித்தார்.

ஆச்சி கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் கணவர் காசிவிஸ்வநாதன், காஜா பேராங்கில் புதிதாக எழும்பியிருக்கும் கல்லூரியில் பௌதிக ஆசிரியர். குடும்பமே கடையும் கிட்டங்கியுமாக இருந்தபோது, விஞ்ஞானம் படிக்கிறேன் என்று கிளம்பிய மனிதர். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். கல்லூரியை வெயிலால் ஓட்ட வேண்டும். மொட்டை மாடி முழுக்க வளைந்த கண்ணாடிகளை வைத்து, வெயிலைக் குவித்து, நீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியில் சின்ன இயந்திரம் ஒன்றைச் சுற்றவிட்டு, விடுதிக்கு விளக்கும் தண்ணீர் பம்பும் அதிலேயே. கேட்ட எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சிபால் மாணிக்கவாசகம் மட்டும் சிரிக்காமல், "நம்ம மாடியில தெளிவான வெயில் தினம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு ஒரு வருஷம் அளந்து காட்டுங்க. அப்புறம் பேசுவோம்" என்றாராம்.

அளந்தார். வருஷம் முடிவதற்குள், ஆவணி மாதம் ஒரு மத்தியானம், அந்த மாடியிலேயே நெஞ்சு வலித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு தேவதாஸ் என்ற இளம் ஆசிரியர் அளக்கிறார்.

"தேவதாஸ் தம்பி அளந்தா உச்சியில வெயிலே இல்லைன்னு காட்டுது. தினமும். அவுக இருந்தப்ப உச்சி வெயில் முழுசா இருந்திச்சு" என்றார் ஆச்சி. "அதனால அவுக எழுதினது பூராப் பொய்யாம். வீட்டுல உக்காந்து பூதக்கண்ணாடியால அளக்கிற அட்டையப் பொசுக்கிக் கணக்குக் காட்டினாகளாம். சனிக்கிழமை காலேஜ் கூட்டத்துல பிரின்சிபால் எந்திரிச்சு அதச் சொல்லப் போறாரு. பொய்க்காரன்னு."

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அதற்கு மேல் வேடிக்கை பேசத் தோன்றவில்லை.

"அந்த மாடிக்கு யாரெல்லாம் போவாங்க?" என்று சார் கேட்டார்.

"பொழுது சாஞ்சு தேவதாஸ் தம்பி போவாரு, அளக்கிற அட்டைய மாத்த. மத்தபடி வெயில் அளக்கிற அந்தக் கண்ணாடி உருண்டையத் தொடுற ஆளு யாரும் இல்ல" என்றார் ஆச்சி. "பயப்படுறாக. உச்சியில அங்க என்னமோ நிக்கிதாம்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

ஆச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அது அவுகளா இருந்தா நான் எதுக்குப் பயப்படணும்?"

மறுநாள் காலை சாரின் பழைய மோட்டார் காடியில் காஜா பேராங்குக்குக் கிளம்பினோம். காடி மூன்று இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் இறங்கித் தள்ளினேன், சார் உள்ளே உட்கார்ந்து சிந்தித்தார்.

கல்லூரி வாசலைக் காவல் காக்கும் ஜாகா நடராஜன் எங்களைப் பிடித்துக்கொண்டார். காவல் கொட்டகை முழுக்க வேப்பிலை. கேட்டின் இரண்டு பக்கமும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

"தங்கச்சி, நான் கண்ணால பாத்தேன்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். காஜா பேராங் முழுக்கக் கேட்டிருக்கும். "மத்தியானம் மணி அடிச்சு எல்லாரும் சாப்பிடப் போயிருவாங்க. அப்ப மேல பாத்தா, அந்த மாடிச் சொவத்துக்கு மேல ஒரு தல. கறுப்பா, இம்மாம் பெரிசா. மூஞ்சி இல்ல, கழுத்து இல்ல. அசையாம நிக்கும் லா."

"மூஞ்சி இல்லாம அது உங்களப் பாக்குதுன்னு எப்படித் தெரிஞ்சது அண்ணே?"

"பாக்குதுன்னு நான் சொல்லலையே. அது எங்கயும் பாக்கல. அதான் பயம்."

 சார் ஒரு கேள்விதான் கேட்டார். "அது வர ஆரம்பிச்சது வாத்தியார் செத்த மறுநாளா?"

நடராஜன் யோசித்தார். "இல்லீங்கய்யா. ஆச்சி வீட்டுக்கு ஒறமொற எல்லாம் வந்து தங்கியிருந்தாங்க. கருமாதி முடிஞ்சு அவங்க எல்லாம் ரயிலேறிப் போனாங்க பாருங்க, அதுக்கப்புறம்தான்."

"பேய் கருமாதி வரைக்கும் லீவுல இருந்திருக்கு சார்" என்றேன். சார் சிரிக்கவில்லை. நான் சொன்னதை யாரோ புத்திசாலி சொன்னதுபோலத் தலையாட்டிக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் எனக்கு எரிச்சல் வரும்.

தேவதாஸ் சோதனைச் சாலையில் இருந்தார். ஒல்லியான, தலையில் எண்ணெய் வழியும் இளைஞர். கழுத்தில் சின்னச் சிலுவை. பார்த்தவுடனேயே குற்றவாளி இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மாடிக்கதவின் சாவி இவரிடம், அளப்பதும் இவர். இதற்கு மேல் என்ன துப்பறிய வேண்டிக் கிடக்கிறது?

அவர் அளக்கும் விதத்தைக் காட்டினார். மாடியில் இடுப்புயரத் தூண் ஒன்று. அதன் மேல் ஒரு கண்ணாடி உருண்டை. உருண்டைக்கு அடியில் வளைந்த தொட்டிலில் ஓர் அட்டை. வெயில் உருண்டைக்குள் புகுந்து அட்டையில் ஒரு புள்ளியாகக் குவிந்து பொசுக்கும். சூரியன் நகர நகரப் புள்ளி கோடாகும். மேகம் மறைத்தால் கோடு முறியும். அந்தி சாய்ந்ததும் அட்டையை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காசிவிஸ்வநாதன் வைத்துவிட்டுப் போன அட்டைகளில் கோடு காலையிலிருந்து மாலைவரை, மழை நாள் தவிர, கண்மை தீட்டியதுபோல ஓடியிருந்தது. தேவதாஸின் அட்டைகளில் காலைக்கோடு இருந்தது, மாலைக்கோடும் இருந்தது. நடுவில் வெள்ளை.

"உச்சி வெயில்தான் சார் இந்தத் திட்டத்துக்கு உயிர். அது இல்லாத மாடியில கண்ணாடி வச்சா தண்ணி வெதுவெதுன்னு ஆகும், இயந்திரம் சுத்தாது" என்றார் தேவதாஸ். "நான் பொய் சொல்லல சார். காசி சாரும் பொய் சொல்ற ஆள் இல்ல. ரெண்டு பேரும் நெசம்னா வெயில்தானே பொய் சொல்லணும்? எனக்குத் தூக்கமே போச்சு."

"உச்சியில போயி நின்னு பாக்கலையா நீங்க?"

"ஒரு நாள் நின்னேன். அன்னைக்குக் கோடு முழுசா விழுந்திச்சு. பிரின்சிபால்கிட்டக் காட்டினேன். 'நீ நின்னா மட்டும் சரியா வருதுன்னா என்ன அர்த்தம்?'னு கேட்டாரு. அதுக்கப்புறம் போகல."

"இதுல ஒண்ணு மட்டும் ஏன் இவ்வளவு அகலமா வெளுத்திருக்கு?" சார் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

தேவதாஸின் முகம் பிரகாசமானது. "அது தனிக் கேஸ் சார். அன்னைக்கு மட்டும் ரெண்டு பங்கு நேரம் வெயில் இல்ல. நான் சந்திரனோட ஈர்ப்பு, கடல்லேர்ந்து வர்ற ஆவி எல்லாம் வச்சு ஒரு கணக்குப் போட்டிருக்கேன்."

"என்னைக்கு அது?"

அவர் சொன்ன தேதியைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அன்னைக்கு உஜோங் பாசிர் பக்கத்து மீன்காரர் எங்க வீட்டு வாசல்ல கூவிக் கூவித் தொண்ட வறண்டு போனாரு சார். நல்ல செனக் கெளுத்தி. எங்கம்மா வாங்கவே இல்ல, அமாவாசைன்னு."

சார் அட்டையை மிக மெதுவாக மேஜையில் வைத்தார்.

"தம்பி, உங்க சந்திரக் கணக்குப் பாதி சரி" என்றார். "மீதிப் பாதி உங்க கோயில்ல சொல்லித்தர மாட்டாங்க."

என்னிடம் விளக்கவில்லை. முற்றத்துக்கு அழைத்துப் போனார். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து சிமெண்டுத் தரையில் நிற்க வைத்தார். "நிழல் எங்க ருக்மணி?"

குனிந்து தேடினேன். பேனாவின் அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் புரட்டாசியில சூரியன் நம்ம ஊருக்கு நேர் மேல நிக்கும். மரத்து நிழல் மரத்தடியிலேயே கெடக்கும், தண்ணித் தொட்டி நிழல் தொட்டியத் தாண்டாது. அப்ப அந்த உருண்டை மேல மட்டும் நிழல் விழுதுன்னா?"

"உருண்டைக்கு நேர் மேலயே ஏதோ நிக்கணும்" என்றேன். சொன்ன பிறகுதான் நடராஜனின் மூஞ்சியில்லாத தலை நினைவுக்கு வந்தது. 

மாடிக்கு இரண்டு வழி. உள்ளே இருக்கும் படிக்கட்டின் கதவுச் சாவி தேவதாஸிடம். கட்டடத்தின் பின்பக்கம், ஆசிரியர் குடியிருப்பை ஒட்டி, ஓர் இரும்புச் சுழற்படி. அதன் அடியில் கம்பிக் கதவு, பூட்டு. அந்த வழியைக் கட்டடம் கட்டியவர்களே மறந்துவிட்டார்கள் என்று தேவதாஸ் சொன்னார். பூட்டு முழுக்கத் துரு. சார் குனிந்து அதை முகர்ந்தார். பிறகு என்னையும் முகரச் சொன்னார். சம்பளத்தில் இதற்குத் தனியாக எதுவும் இல்லை.

"நல்லெண்ணெய்" என்றேன். "சாவி ஓட்டையில யாரோ நல்லெண்ணெய் ஊத்தியிருக்காங்க."

"வேலைக்காரன் மெஷின் எண்ணெய் ஊத்துவான். திருடன் கிரீஸ் தடவுவான். நல்லெண்ணெய் எங்கேர்ந்து வரும்?"

"தேவதாஸ் தலையிலேர்ந்து?"

சார் பெருமூச்சு விட்டுவிட்டு உள்படிக்கட்டு வழியாக ஏறினார்.

மணி அடித்தது. கீழே மாணவர்கள் கலகலவென்று உணவுக்கூடத்துக்குப் போனார்கள். பிறகு அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது. நான் அந்த மாடியில் கால் வைத்தபோது காற்று நின்றிருந்தது. வெள்ளையாகக் கொதிக்கும் சிமெண்டுத் தரை. நடுவில் அந்தத் தூண். தூணின் அடியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, அப்போதுதான் யாரோ கழற்றிவிட்டுப் போனதுபோல, நேராக வைக்கப்பட்டிருந்தது.

"காசி சார் செருப்பு" என்றார் பின்னால் வந்த தேவதாஸ். "எடுக்கலாம்னு பல தடவ நினைச்சேன். கை வரல." அவர் அதற்கு மேல் வரவில்லை. கதவை எங்களிடம் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. இரவில் பயந்தால் விளக்கையாவது போட்டுப் பார்க்கலாம். இங்கே எல்லா வெளிச்சமும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது, அப்போதும் பயமாக இருந்தது.

சார் தூணருகே மண்டியிட்டு, விரல் நுனியில் எதையோ ஒற்றி எடுத்துக் காட்டினார். கறுப்பாகச் சின்னச் சின்னதாக நாலைந்து.

"எலிப் புழுக்கை" என்றேன்.

"எள்ளு" என்றார். "கூட ஒரு காஞ்ச பருக்கை. இப்பப் புரியுதா?"

புரியவில்லை. அல்லது புரிந்துகொள்ள மனம் வரவில்லை. அவர் என்னை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். "என்ன பாத்தாலும் கத்தக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

அங்கிருந்து உருண்டை நன்றாகத் தெரிந்தது. அட்டையிலிருந்து மயிரிழை போன்ற புகை மேலே போய்க்கொண்டிருந்தது. சூரியன் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோமோ தெரியாது. இரும்புப் படியில் ஒரு சத்தம். ரொம்ப லேசான சத்தம், வெறுங்காலின் சத்தம்.

மாடிச் சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது.

நடராஜன் பொய் சொல்லவில்லை. கறுப்பு. பெரிசு. மூஞ்சி இல்லை, கழுத்து இல்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அது இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அதற்கடியில் ஒரு வெள்ளைச் சேலை வந்தது. அன்னபூரணி ஆச்சி, விரித்த குடையோடு, கடைசிப் படியேறி மாடியில் கால் வைத்தார்.

நேராகத் தூணிடம் போனார். செருப்புக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டு அதன் மேல் நின்றார். கிண்ணத்திலிருந்து சோற்றை எடுத்து, தூணின் விளிம்பில் ஒரு துண்டு வாழையிலையில் வைத்தார். உருண்டையில் கை படாமல், முழங்கையை அவ்வளவு ஜாக்கிரதையாக ஒதுக்கிக்கொண்டு வைத்தார். நீர் சுற்றினார். குடை அவர் தலைக்கு மேலும் உருண்டைக்கு மேலும் சேர்த்து விரிந்திருந்தது. அட்டையிலிருந்து போய்க்கொண்டிருந்த புகை நின்றுவிட்டது.

"கா... கா..." என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்.

காத்திருந்தார். காக்கா வராமல் அவர் நகரப் போவதில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. அமாவாசையன்று வீட்டுக்கு வீடு சோறு வைத்திருப்பார்கள்; அன்றைக்கு அது இங்கே வர இரண்டு பங்கு நேரம் ஆகியிருக்கும். வெகுநேரம் கழித்து, புளியமரத்துப் பக்கமிருந்து ஒன்று வந்து விளிம்பில் உட்கார்ந்தது.

"வாங்க" என்றார் ஆச்சி அதனிடம். "இன்னிக்கு வத்தக்குழம்பு. உப்பு கொஞ்சம் கம்மி. கோவிச்சுக்காம சாப்பிடுங்க."

 சத்தியம் செய்யாவிட்டாலும் என்னால் கத்தியிருக்க முடியாது. சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் சார். சொல்ல வேணாம். தேவதாஸ்தான்னு எழுதி முடிச்சிருவோம். இல்ல பேய்தான்னு முடிச்சிருவோம்."

"அவங்க நம்மகிட்ட வந்தது வெயிலத் தேடி" என்றார் சார்.  காக்கா தின்றுவிட்டுப் பறக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு எழுந்தார்.

"ஆச்சி."

ஆச்சி திடுக்கிட்டுத் திரும்பினார். எங்களைப் பார்த்ததும் முதலில் அவர் செய்தது, மடியில் சொருகியிருந்த சாவியைக் கையால் மூடிக்கொண்டதுதான்.

"யாரும் வர்றதில்லன்னு சொன்னீங்க" என்றார் சார்.

"உருண்டையத் தொடுற ஆளு இல்லைன்னேன். நான் தொட்டதே இல்லீங்க. ஒரு பருக்கை அது மேல பட்டாக்கூட அவுகளுக்குப் பிடிக்காது." வார்த்தைகள் வேகமாக வந்தன. "சொன்னா அவுக விட்டுட்டுப் போன சாவியப் பிடுங்கிருவாக. இங்கதானே அவுக உசிரு போச்சு. தேவதாஸ் தம்பி இங்க நின்ன அன்னைக்குக் கீழ வச்சுப் பாத்துட்டேன், வரல. இங்கதான் வர்றாக. சாவி போச்சுன்னா அவுக பட்டினிதானே?"

சார் அட்டையைச் சுட்டிக் காட்டினார். "குடைய மடக்குங்க ஆச்சி."

ஆச்சி புரியாமல் மடக்கினார். வெயில் உருண்டையில் இறங்கியது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அட்டையில் ஒரு புள்ளி சிவந்து, கருகி, அந்த மயிரிழைப் புகை மறுபடி மேலே கிளம்பியது. காலைக்கோட்டுக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே, புத்தம் புதிதாக, வெள்ளை இடைவெளி.

ஆச்சி அதைப் பார்த்தார். கையிலிருந்த குடையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"நானா?" என்றார்.

போலீசில் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டி எத்தனையோ கெட்ட செய்தி சொன்ன மனிதர் ராஜரத்தினம் சார். அன்றைக்கு அவரால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஆச்சி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எம் புருசன நானே பொய்யனாக்கிட்டேனா" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, மடியிலிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அது உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருந்தது.

பிரின்சிபால் மாணிக்கவாசகம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை, கறாரானவர், அவ்வளவுதான். "கதையாச் சொன்னா நான் எப்படி ஒத்துக்கிறது? நாளைக்கு நானே மாடியில வந்து நிக்கிறேன். யாரும் பக்கத்துல போகக் கூடாது. உச்சிக்கோடு முறியாம ஓடினா காசிவிஸ்வநாதன் அட்டை அத்தனையும் நெசம்னு சனிக்கிழமை நானே சொல்றேன். முறிஞ்சா, ஏற்கெனவே சொல்ல இருந்ததத்தான் சொல்வேன்" என்றார்.

ஆச்சி ஒன்றே ஒன்று கேட்டார். "நாளைக்கும் சோறு வைக்கணுமே."

மாணிக்கவாசகம் தரையைப் பார்த்தார். "தூரத்துச் சொவரு மேல வச்சுக்குங்க" என்றார்.

மறுநாள் வானத்தில் துண்டு மேகம் இல்லை. கதவோரத்தில் பிரின்சிபால், தேவதாஸ், சார், நான். சுழற்படி ஓரத்தில், குடை இல்லாமல், ஆச்சி. சோறு தூரத்துச் சுவரில் இருந்தது. தூண் தனியாக நின்றது. உச்சி நெருங்க நெருங்கக் கோடு கறுப்பாக, தடுமாறாமல் வந்துகொண்டிருந்தது. தேவதாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தார். நான் வாய் திறக்காமல் இருந்ததை சார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

ஆச்சி கூப்பிட்டார். "கா... கா..."

அது புளியமரத்திலிருந்து வந்தது. தூரத்துச் சுவரை அது பார்க்கவே இல்லை. தினமும் வருகிற இடத்துக்கே வந்தது. விளிம்பில் சோறு இல்லை என்று கண்டதும், ஓர் எட்டுத் தாவி, கண்ணாடி உருண்டையின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, இறக்கையைக் கொஞ்சம் விரித்துக்கொண்டது.

புகை நின்றது.

யாரும் அசையவில்லை. தேவதாஸின் கை விரட்டப் பாதி உயர்ந்து, ஆச்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. பிரின்சிபால் கையில் தடி இருந்தது. அவர் வீட்டிலும் அமாவாசைக்குச் சோறு வைப்பார்கள்தானே. அவராலும் முடியவில்லை. அங்கே நின்ற எங்கள் நாலு பேரில் அதை விரட்டும் தைரியம் ஒருவருக்கும் இல்லை.

ஆச்சி நடந்தார். அந்தக் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு, நிதானமாக, நிழல் உருண்டையில் விழாதபடி கைநீளத்துக்கு எட்டி நின்றார்.

"இன்னிக்கு வேணாம்" என்றார். "போங்க."

காக்கா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

"உங்க பேரு நிக்கணும். வெயில் எழுதட்டும். போங்க."

அது நகரவில்லை. பசித்த வீட்டுக்காரர்போல அங்கேயே உட்கார்ந்திருந்தது.  ஆச்சி வலது கையைத் தூக்கினார். தினமும் சோறு வைத்த கை.

"ச்சூ!" என்று கத்தினார்.

அது பறந்தது. உருண்டை பளிச்சென்று மின்னியது. புகை மறுபடி கிளம்பியது. தேவதாஸ் ஓடிப் போய்க் குனிந்து பார்த்தார். "முறியல சார்! இவ்வளவு கொஞ்ச நேரம் அட்டைக்குத் தெரியாது. கோடு ஓடுது!"

மாணிக்கவாசகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை முன் வரிசையில வந்து உக்காருங்க ஆச்சி" என்றார். "உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லித்தான் கூட்டத்த ஆரம்பிப்பேன்."

ஆச்சி அவரைக் கும்பிட்டார். ஆனால் கண் வானத்தில் இருந்தது. காக்கா மாடியை ஒரு சுற்றுச் சுற்றியது. தூரத்துச் சுவரில் இருந்த சோற்றின் மேல் தாழ்ந்தது, தொடவில்லை. கூரைகளைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போய்விட்டது. ஆச்சி அந்தி சாயும்வரை அந்தச் சுவரோரத்திலேயே நின்றார். வேறு எதுவும் வரவில்லை.

அன்றைக்குக் காசிவிஸ்வநாதன் சாப்பிடவில்லை. ஆச்சியும் சாப்பிடவில்லை.